நாசிக் ஒயின் டிரிப் போகணுமா? எந்த மாதம், எந்தத் திசை, எவ்வளவு குடிக்கலாம், பாட்டிலை ஊருக்குக் கொண்டுவரலாமா?

ஜனவரி பிறந்துவிட்டால் போதும், இன்ஸ்டாகிராமில் ஒரே மாதிரி ரீல்ஸ் வர ஆரம்பித்துவிடும். பெரிய மரத்தொட்டி, உள்ளே திராட்சை, அதை நாலு பேர் சிரித்துக்கொண்டே மிதிக்கிறார்கள், பின்னால் மலை, கையில் கிளாஸ். இடம் பெரும்பாலும் மகாராஷ்டிராவின் நாசிக். "மச்சி, இந்த வருஷம் நாமளும் போறோம்" என்று ஆபீஸ் வாட்ஸ்அப் குரூப்பில் யாராவது போட்டிருப்பார்கள். போகலாம்தான். ஆனால் கோவா டிரிப் மாதிரி டிக்கெட்டை மட்டும் போட்டுவிட்டுக் கிளம்பினால், திராட்சையே இல்லாத தோட்டத்தையோ, மது பரிமாறாத நாளையோ, இரவு எட்டு மணிக்கு கேப் கிடைக்காத கிராமத்துச் சாலையையோதான் பார்த்துவிட்டுத் திரும்புவீர்கள்.

இந்த டிரிப்பை நீங்களே திட்டமிடத் தேவையானவற்றை வரிசையாகப் பார்க்கலாம்.

ஏன் நாசிக்?

நாசிக் மும்பையிலிருந்து சுமார் 170 கிலோமீட்டர். கடல் மட்டத்திலிருந்து ஏறக்குறைய 600 மீட்டர் உயரம். பகலில் நல்ல வெயில், குளிர்காலத்தில் இரவில் ஸ்வெட்டர் கேட்கும் குளிர். திராட்சைக்கு வேண்டியது இந்த வித்தியாசம்தான். பகல் வெயிலில் பழத்தில் சர்க்கரை ஏறும். இரவுக் குளிரில் அதன் புளிப்பு முழுக்கக் கரைந்துபோகாமல் நிற்கும். இரண்டும் இருந்தால்தான் ஒயின் ஒயினாக இருக்கும். சர்க்கரை மட்டும் ஏறினால் சப்பென்று இருக்கும்.

சாப்பிடும் திராட்சைக்கு நாசிக் ரொம்ப காலமாகவே பெயர் பெற்ற ஊர். ஒயின் திராட்சை அங்கே பெரிய அளவில் வந்தது 1990களில். அமெரிக்காவில் ஆரக்கிள் நிறுவனத்தில் வேலை பார்த்துவிட்டுத் திரும்பிய ராஜீவ் சாமந்த், குடும்ப நிலத்தில் ஒயின் திராட்சையை நட்டார். அம்மா சுலபாவின் பெயரிலிருந்து 'சுலா' என்று பெயர் வைத்தார். முதல் ஒயின் 2000ஆம் ஆண்டில் வெளிவந்தது. 2005ல் அங்கே டேஸ்டிங் ரூம் திறந்தார்கள். நாசிக்கின் ஒயின் சுற்றுலாவுக்கு அதுதான் ஆரம்பம்.

2001ல் மகாராஷ்டிரா அரசு கொண்டுவந்த திராட்சை பதப்படுத்தும் தொழில் கொள்கை அடுத்த திருப்பம். ஒயினை விவசாயத்தோடு சேர்ந்த தொழிலாகப் பார்த்து வரிச்சலுகை கொடுத்தார்கள். அதன் பிறகுதான் வரிசையாக ஒயினரிகள் வந்தன. 'நாசிக் வேலி ஒயின்' இப்போது புவிசார் குறியீடு பெற்ற பெயர். நம்ம ஊர் கம்பம் பன்னீர் திராட்சைக்கு 2023ல் கிடைத்த அதே வகை அங்கீகாரம்தான்.

"கம்பத்துலயும் திராட்சை இருக்கே, அங்க ஏன் இதெல்லாம் இல்ல?" என்ற கேள்வி வரும். பன்னீர் திராட்சை முதன்மையாகச் சாப்பிடும் பழம். ஒயின் திராட்சை வேறு ஜாதி: சின்னதாக இருக்கும், தோல் தடிமன், விதை உண்டு, இனிப்பும் அதிகம். தோட்டத்தில் ஒன்று பறித்து வாயில் போட்டுப் பாருங்கள் (கேட்டுவிட்டு!). பாதிக்கு மேல் தோலும் விதையும்தான் தெரியும். ஒயினின் நிறமும் துவர்ப்பும் அந்தத் தோலிலிருந்துதான் வருகின்றன.

எந்த மாதம் போகணும்?

ஐரோப்பாவில் அறுவடை ஆகஸ்ட் முதல் அக்டோபர் வரை. "ஒயின் ஹார்வெஸ்ட்" என்று கூகுள் செய்து, அதைப் பார்த்து செப்டம்பரில் லீவு போட்டுவிடாதீர்கள். இங்கே ஜூன் முதல் செப்டம்பர் வரை பருவமழை. மழையில் பழம் பழுத்தால் அழுகிவிடும். அதனால் இந்தியாவில் கொடியை வருஷத்துக்கு இரண்டு முறை வெட்டுகிறார்கள். அறுவடை முடிந்து ஏப்ரலில் ஒரு கவாத்து. மழை முடியும் செப்டம்பரை ஒட்டி இன்னொரு கவாத்து. இரண்டாவது வெட்டுக்குப் பிறகு வரும் பூவும் காயும்தான் குளிர்காலத்தில் பழுத்து, ஜனவரி முதல் மார்ச் வரை அறுவடைக்கு வருகின்றன. உலகத்தின் வடபாதியில் இருந்துகொண்டு தென்பாதி நாடுகளின் காலண்டரில் அறுவடை செய்கிற வேலை இது.

ஆகவே:

ஜனவரி கடைசி முதல் மார்ச் முதல் வாரம் வரை போனால் கொடியில் பழம், உள்ளே இயந்திரங்கள் ஓடும் சத்தம், புளித்த திராட்சை வாசனை எல்லாம் கிடைக்கும். கூட்டமும் விலையும் உச்சத்தில் இருக்கும். 2008ல் தொடங்கிய 'சுலாஃபெஸ்ட்' இசை விழா, கொரோனாவோடு நின்றுபோய் 2025 பிப்ரவரியில்தான் மறுபடி வந்தது. அந்த மாதிரி விழா நடக்கும் வார இறுதியில் உங்களுக்கு ஒயினைப் பற்றிப் பொறுமையாகச் சொல்லித்தர யாருக்கும் நேரம் இருக்காது. பாட்டுக்காகப் போகிறீர்களா, ஒயினுக்காகப் போகிறீர்களா என்று முதலில் முடிவு பண்ணுங்கள்.

நவம்பர், டிசம்பர் என் பார்வையில் குறைத்து மதிப்பிடப்பட்ட மாதங்கள். காய் வளர்ந்துகொண்டிருக்கும், இரவு குளிரும், கூட்டம் கிறிஸ்துமஸ் வரை தாங்கும். ஜூலை, ஆகஸ்டில் மலையெல்லாம் பச்சை, அருவிகள், மேகம் என்று ஊரே வேறு மாதிரி இருக்கும். பழம் மட்டும் இருக்காது. ஏப்ரல், மே வேண்டாம். வெட்டிவிட்ட கட்டைக் கொடிகளும் சுட்டெரிக்கும் வெயிலும்தான்.

திராட்சை மிதிப்பதைப் பற்றி ஒரு வார்த்தை. அது படம் எடுத்துக்கொள்ள நடத்தும் விளையாட்டு. நீங்கள் குடிக்கும் ஒயினை இயந்திரம்தான் பிழிகிறது. ஆசையாக இருந்தால் மிதியுங்கள். ஆனால் அதற்காக மட்டும் பிப்ரவரி சனிக்கிழமையின் அறை வாடகையைக் கொடுக்கத் தேவையில்லை.

லாங் வீக்கெண்டில் ஒளிந்திருக்கும் பிரச்சனை

அறுவடைக் காலத்தில் வரும் லாங் வீக்கெண்ட் என்றால் எல்லோருக்கும் முதலில் நினைவுக்கு வருவது ஜனவரி 26. குடியரசு தினம் டிரை டே. அன்று மது பரிமாற மாட்டார்கள். தோட்டத்தைச் சுற்றிப் பார்த்து, சாப்பிட்டு, ஜூஸ் குடித்துவிட்டு வரலாம். ஆகஸ்ட் 15, அக்டோபர் 2 ஆகிய தேதிகளுக்கும் இதே கதை. தேர்தல் இருந்தால், அந்தப் பகுதியில் வாக்குப்பதிவு முடியும் நேரத்துக்கு முந்தைய 48 மணி நேரமும் விற்பனை கிடையாது, வாக்கு எண்ணும் நாளிலும் கிடையாது. சட்டமன்றத் தேர்தல் மட்டும்தான் என்று இல்லை, உள்ளாட்சித் தேர்தலுக்கும் கடைகளை மூடுவார்கள். டிக்கெட் போடுவதற்கு முன் ஒயினரிக்கு ஒரு போன் போட்டு "இந்தத் தேதியில் டேஸ்டிங் உண்டா?" என்று கேட்டுவிடுங்கள். இரண்டு நிமிஷ வேலை.

எப்படிப் போவது?

சென்னை, கோவை, மதுரையிலிருந்து கிளம்புகிறவர்களுக்குச் சுலபமான வழி மும்பைக்கோ புனேக்கோ விமானம், அங்கிருந்து தரைவழி. நாசிக்கின் ஓசர் விமான நிலையத்துக்குச் சில நகரங்களிலிருந்து நேரடி சேவை உண்டு. ஆனால் அந்த அட்டவணை அடிக்கடி மாறும், அதை நம்பி மற்றதைத் திட்டமிடுவதற்கு முன் ஒருமுறை பார்த்துக்கொள்ளுங்கள். மும்பை சிஎஸ்எம்டியிலிருந்து ஷீரடி போகும் வந்தே பாரத் நாசிக் ரோட்டில் நிற்கும். பஞ்சவடி எக்ஸ்பிரஸ் காலங்காலமாக இந்த வழியில் ஓடுகிறது. மலையேறும் கசாரா கணவாயை ரயிலில் கடப்பது தனி அழகு, பகல் ரயிலாகப் பார்த்துப் போடுங்கள்.

சாலை என்றால், நாக்பூர் – மும்பை சம்ருத்தி நெடுஞ்சாலையின் கடைசிப் பகுதியான இகத்புரி – ஆமனே 2025 ஜூனில் திறந்தது. அதனால் மும்பையிலிருந்து இகத்புரி பக்கத்து ஒயினரிகளுக்கு நேரம் மிச்சமாகிறது. பழைய நெடுஞ்சாலையை நம்பினால் தானே, பிவண்டி டிராஃபிக்கில் உங்கள் சனிக்கிழமை காலை கரைந்துபோகும்.

ஊருக்குப் பெயர் நாசிக் என்றாலும் ரயில் நிலையத்துக்குப் பெயர் நாசிக் ரோடு. நகர மையத்திலிருந்து கொஞ்ச தூரம். அறை எடுக்கும்போது இதைக் கவனியுங்கள். ஒயினரிகள் பெரும்பாலும் நகரத்துக்கு மறுபக்கம்.

எத்தனை ஒயினரி? எந்தத் திசை?

எல்லோரும் சறுக்குகிற இடம் இதுதான். மேப்பில் பார்த்தால் எல்லாம் 'நாசிக்' என்றே இருக்கும். ஒரே நாளில் ஐந்து இடம் என்று திட்டம் போடுவார்கள். உண்மையில் அவை மூன்று வேறு திசைகளில் கிடக்கின்றன.

ஒன்று, நகரத்துக்கு மேற்கே கங்காப்பூர் அணைப் பக்கம். சுலா, யார்க், சோமா மூன்றும் இங்கே கிட்டக் கிட்ட. யார்க் ஒயினரியைத் தொடங்கிய குர்னானி குடும்பத்தினர், மூன்று பிள்ளைகளின் பெயர்களான யோகிதா, ரவி, கைலாஷ் ஆகியவற்றின் முதல் எழுத்துகளைச் சேர்த்துத்தான் 'யார்க்' என்று வைத்தார்கள். இங்கிலாந்துக்கும் அதற்கும் சம்பந்தமில்லை. 2021ல் அதைச் சுலா வாங்கிவிட்டது. முதல் முறை போகிறவர்களுக்கு இந்தப் பக்கம் போதும். சுலாவில் சுற்றிக் காட்டுவது, உணவகம், தங்குமிடம் எல்லாம் ஒழுங்காக இயங்கும். ஆனால் வார இறுதி மாலையில் அது கிட்டத்தட்ட ஒரு மால். காலை பதினொரு மணிக்கு முதல் சுற்றுக்குப் போய்விட்டு, கூட்டம் சேரும்போது பக்கத்தில் யார்க்குக்கு நகர்ந்துவிடுவது புத்திசாலித்தனம்.

இரண்டு, வடக்கே திண்டோரி. பிரெஞ்சு எல்விஎம்ஹெச் குழுமத்தின் ஷாந்தோன் 2013ல் இந்தியாவில் அறிமுகமானபோது தேர்ந்தெடுத்த இடம் இது. நுரை பொங்கும் ஸ்பார்க்ளிங் ஒயின்தான் அவர்கள் வேலை. முன்பதிவு இல்லாமல் இந்தப் பக்கம் போகாதீர்கள்.

மூன்று, தென்மேற்கே இகத்புரி பக்கம். சஞ்சேகாவ்னில் குரோவர் ஸாம்பா, முக்னே அணைக்குப் பக்கத்தில் வலோனே. எண்ணிக்கையில் குறைவு, அமைதியில் அதிகம். சின்ன ஒயினரியில் உங்களுக்கு ஊற்றிக் கொடுப்பவரே ஒயின் செய்பவராகவும் இருக்க வாய்ப்புண்டு. ஏற்கெனவே ஒருமுறை சுலாவுக்குப் போய்வந்தவர் என்றால், அடுத்த முறை நேராக இங்கே போங்கள்.

ஒரு நாளைக்கு ஒரு திசை, அதில் இரண்டு ஒயினரி, மிஞ்சினால் மூன்று. அதற்கு மேல் நாக்குக்கு வித்தியாசமே தெரியாது.

பெங்களூருவில் வேலை பார்க்கிறவரா? நாசிக்குக்குப் பறப்பதற்கு முன் வீட்டுப் பக்கத்தில் இருப்பதைப் பார்த்துவிடுங்கள். நந்தி மலை அடிவாரத்தில் தொட்டபள்ளாபுரா பக்கம் குரோவர் தோட்டம் இருக்கிறது. கன்வல் குரோவர் 1988ல் தொடங்கியது, சுலாவைவிட மூத்தது. பிரான்சின் புகழ்பெற்ற ஒயின் ஆலோசகர் மிஷெல் ரோலான் அவர்களோடு வேலை செய்திருக்கிறார். காலையில் கிளம்பி மாலைக்குள் திரும்பிவிடலாம். இந்த வகை டிரிப் உங்களுக்குப் பிடிக்குமா என்று குறைந்த செலவில் தெரிந்துகொள்ள இதைவிட நல்ல வழி இல்லை.

டேஸ்டிங்கில் என்ன நடக்கும்?

பெரும்பாலான இடங்களில் கட்டணம் சில நூறு ரூபாயிலிருந்து ஆரம்பிக்கும். நான்கு முதல் ஆறு வகை ஒயின், ஒவ்வொன்றும் இரண்டு மூன்று மடக்கு. அதற்கு முன் அரை மணி நேரம் ஒயினரியைச் சுற்றிக் காட்டுவார்கள்.

உள்ளே போனதும் உயரமான ஸ்டீல் தொட்டிகள் நிற்கும். வெள்ளை ஒயினுக்குப் பழத்தைப் பிழிந்து, தோலை நீக்கிவிட்டு, சாற்றை மட்டும் குளிர வைத்துப் புளிக்க வைப்பார்கள். சிவப்பு ஒயினுக்குத் தோலோடு சேர்த்தே, கொஞ்சம் வெதுவெதுப்பாகப் புளிக்கும். அடிப்படை வித்தியாசம் இவ்வளவுதான். ஈஸ்ட் சர்க்கரையைத் தின்று ஆல்கஹாலாகவும் கரியமில வாயுவாகவும் மாற்றுகிறது. இட்லி மாவு பொங்குவதும் ஏறக்குறைய இதே குடும்பத்து வேலை. அடுத்து ஓக் மரப் பீப்பாய் அறை. வெனிலா மாதிரி, வறுத்த மணம் மாதிரி ஒன்று ஒயினில் தெரிந்தால் அது இந்த மரத்திலிருந்து வந்தது.

வழக்கமான வரிசை: ஸ்பார்க்ளிங், வெள்ளை, ரோஸ், சிவப்பு, கடைசியில் இனிப்பு. கிளாஸைத் தண்டில் பிடியுங்கள், கை சூடு ஏறாமல் இருக்க. நிறத்தைப் பாருங்கள், லேசாகச் சுழற்றுங்கள், மூக்கை உள்ளே விட்டு முகருங்கள், ஒரு வாய் எடுத்து நாக்கு முழுக்கப் படரவிடுங்கள். அன்று காலை பெர்ஃப்யூம் வேண்டாம், உங்களுக்கு மட்டுமில்லை, பக்கத்தில் நிற்பவருக்கும் வாசனை கெடும்.

"லிச்சி தெரியுதா, எல்டர்ஃப்ளவர் தெரியுதா?" என்று கைடு கேட்டால் தலையாட்ட வேண்டாம். எல்டர்ஃப்ளவரை நாம் எங்கே முகர்ந்திருக்கிறோம்? நமக்குத் தெரிந்த வாசனையைத் தேடுங்கள். சாவிஞான் பிளாங்க்கில் கொய்யாவும் நறுக்கிய குடைமிளகாயும் அநேகமாக உடனே பிடிபடும். ஷிராஸில் மிளகு.

இன்னொன்று, சிவப்பு ஒயினைக் குடித்தவுடன் நாக்கும் ஈறும் இழுத்துப் பிடிக்கிற மாதிரி இருக்கும். பலர் "கசக்குது" என்று முகம் சுளிப்பது இதற்குத்தான். அது கசப்பு இல்லை, துவர்ப்பு. ஆங்கிலத்தில் இதை விளக்கத் தனி வகுப்பே நடத்துகிறார்கள். நாம் அறுசுவையில் ஒன்றாகவே எண்ணி வைத்திருக்கிறோம். பாக்கு, வாழைப்பூ, நாவல்பழம், ரொம்ப நேரம் கொதித்த டீ என்று பழகிய நாக்குக்கு இது புதுசே இல்லை. துவர்ப்பு என்று மனதில் பெயர் வைத்துக்கொண்டு இரண்டாவது மடக்கு குடியுங்கள், அதே ஒயின் வேறு மாதிரி தெரியும்.

"எனக்கு ஸ்வீட் ஒயின்தான் பிடிக்கும்" என்று சொல்ல வெட்கப்பட வேண்டாம். செனின் பிளாங்க்கில் லேசான இனிப்புள்ளவை கிடைக்கும், கேளுங்கள். காரமான சாப்பாட்டுக்குத் துவர்ப்பு மிகுந்த சிவப்பைவிட அதுதான் ஒத்துப்போகும். அசைவம் சாப்பிடாதவர் என்றால் ஒரு கேள்வி கூடுதலாகக் கேளுங்கள். ஒயினைத் தெளிய வைக்க முட்டை வெள்ளைக்கரு, மீனிலிருந்து எடுக்கும் பொருள் போன்றவற்றைச் சில தயாரிப்பாளர்கள் பயன்படுத்துவது உலகம் முழுக்க உள்ள பழக்கம். எல்லோரும் செய்வதில்லை. கேட்டால் சொல்வார்கள்.

"சும்மா டேஸ்டிங்தானே" – கணக்குப் போட்டுப் பாருங்கள்

ஒரு மடக்குதானே, ஒன்றும் ஆகாது என்று தோன்றும். ஆறு வகை, ஒவ்வொன்றும் 25 மில்லி என்றால் மொத்தம் 150 மில்லி. அது ஒரு முழு கிளாஸ் ஒயின். 13 சதவீத ஆல்கஹால் என்று வைத்தால் அதில் சுமார் 19.5 மில்லி சுத்த ஆல்கஹால். மூன்று ஒயினரிக்குப் போனால் சுமார் 58 மில்லி. நம்ம ஊர்க் கணக்கில், 42.8 சதவீத விஸ்கி ஒரு லார்ஜ், அதாவது 60 மில்லியில் இருப்பது சுமார் 26 மில்லி. ஆக "சும்மா டேஸ்ட் பார்த்த" நாளில் நீங்கள் இரண்டு லார்ஜுக்கு மேல் அடித்திருக்கிறீர்கள். மதிய சாப்பாட்டோடு ஆர்டர் செய்த கிளாஸ் இதில் சேரவில்லை.

இந்தியாவில் வாகனம் ஓட்ட அனுமதிக்கும் உச்ச வரம்பு 100 மில்லி ரத்தத்தில் 30 மில்லிகிராம் ஆல்கஹால். முதல் முறை பிடிபட்டால் ஆறு மாதம் வரை சிறை, அல்லது 10,000 ரூபாய் வரை அபராதம், அல்லது இரண்டும். இரண்டாவது ஒயினரியிலேயே பலர் இந்த வரம்பைத் தாண்டியிருப்பார்கள். அதனால் செல்ஃப் டிரைவ் காரும் பைக்கும் இந்த டிரிப்புக்கு ஆகாது. "நான் கொஞ்சமாத்தான் குடிப்பேன், நானே ஓட்டுறேன்" என்று நண்பர் சொன்னாலும் ஆகாது. அணையைச் சுற்றியுள்ள கிராமத்துச் சாலைகள் குறுகலானவை, மாலையில் இருட்டு.

நாள் முழுக்க டிரைவரோடு கார் எடுத்துவிடுங்கள். நாலு பேர் பகிர்ந்தால் ஒரு பாட்டில் ஒயின் விலைகூட ஆகாது. ஆப்பில் கேப் பிடித்துப் போவது நடக்கும், திரும்புவதுதான் கஷ்டம். நகரத்துக்கு வெளியே இரவில் எல்லோரும் ஒரே நேரத்தில் கேப் தேடுவார்கள். பெண்கள் மட்டும் போகிற குழு என்றால், தோட்டத்துக்குள்ளேயே ஒரு இரவு தங்குவதற்கு ஆகும் கூடுதல் செலவு நியாயமான செலவு.

துப்பலாம். உண்மையாகவே! டேஸ்டிங் மேசையில் அதற்கென்று ஒரு பாத்திரம் இருக்கும், இல்லையென்றால் கேளுங்கள். தொழில்முறையில் ருசி பார்ப்பவர்கள் எல்லோரும் துப்புகிறவர்கள்தான். நம்ம ஊரில் மட்டும் "காசு கொடுத்ததை ஏன் துப்பணும்" என்று ஒரு தயக்கம். வெறும் வயிற்றோடு போகாதீர்கள், ஒவ்வொரு ஒயினுக்கும் நடுவே தண்ணீர் குடியுங்கள். சர்க்கரை நோய்க்கோ, மனநலத்துக்கோ மருந்து எடுக்கிறவர்கள், சில ஆன்டிபயாடிக் எடுத்துக்கொண்டிருக்கிறவர்கள் கிளம்பும் முன் டாக்டரிடம் கேட்டுவிடுங்கள்.

"ரெட் ஒயின் ஹார்ட்டுக்கு நல்லது" என்பதை டிரிப்புக்குக் காரணமாகச் சொல்லாதீர்கள். மதுவில் பாதுகாப்பான அளவு என்று எதுவும் இல்லை என்று உலக சுகாதார நிறுவனம் 2023 ஜனவரியில் தெளிவாகச் சொல்லிவிட்டது. பிடித்திருக்கிறது, ஒரு நாள் குடிக்கிறோம் என்றால் சரி. மருந்து என்று நினைத்துக் குடிப்பதற்கு ஆதாரம் இல்லை. குழுவில் குடிக்காதவர் இருந்தால் அவரை வற்புறுத்தவும் வேண்டாம், டிரைவர் வேலைக்கு நேர்ந்துவிடவும் வேண்டாம். சுற்றிப் பார்ப்பதும் சாப்பாடும் அவருக்கும் உண்டு.

வயது, பெர்மிட், எல்லை

மது மாநிலப் பட்டியலில் உள்ள விஷயம். அதனால் ஒவ்வொரு மாநிலத்துக்கும் ஒரு சட்டம். மகாராஷ்டிராவில் பீருக்கு 21, விஸ்கி, ரம் போன்றவற்றுக்கு 25 வயது ஆகியிருக்க வேண்டும். ஒயின் டேஸ்டிங்குக்கு அந்தந்த ஒயினரி வைத்திருக்கும் வயது வரம்பை முன்பதிவு செய்யும்போதே பாருங்கள், ஒரிஜினல் அடையாள அட்டையை எடுத்துப் போங்கள். 1949ஆம் ஆண்டின் மதுவிலக்குச் சட்டம் அங்கே இன்னும் உயிரோடு இருக்கிறது. அதன்படி மது வாங்கவும் குடிக்கவும் பெர்மிட் வேண்டும். ஒரு நாள், ஒரு வருஷம், வாழ்நாள் என்று வகைகள். ஒரு நாள் பெர்மிட் சில ரூபாய்தான், விற்கிற இடத்திலேயே கொடுப்பார்கள்.

நாசிக்கிலிருந்து சுமார் 80 கிலோமீட்டரில் சபூதாரா என்ற அழகான மலை ஊர் இருக்கிறது. "பக்கம்தானே, ஒரு எட்டு போய்ட்டு வந்துடலாம்" என்று தோன்றும். அது குஜராத். அங்கே முழு மதுவிலக்கு. டிக்கியில் இரண்டு பாட்டில் ஒயினோடு எல்லையைத் தாண்டினால், நீங்கள் சுற்றுலாப் பயணி என்பது உதவாது. போவதென்றால் பாட்டில் வாங்குவதற்கு முந்தைய நாள் போய்விட்டு வாருங்கள்.

ஷீரடி டிரிப்போடு சேர்க்கலாமா?

தமிழ்நாட்டிலிருந்து நாசிக் போகிறவர்களில் பலர் போவது ஷீரடிக்கும் திரியம்பகேஷ்வருக்கும்தான். சென்னையிலிருந்து ஷீரடிக்கு வாராந்திர ரயிலே இருக்கிறது. ஷீரடி – நாசிக் சுமார் 90 கிலோமீட்டர், திரியம்பகேஷ்வர் நாசிக்கிலிருந்து 30 கிலோமீட்டர். அம்மா அப்பாவோடு போகும்போது நடுவில் ஒரு மதியம் ஒயினரியில் சாப்பிடுவது நடக்கிற காரியம்தான். அணையைப் பார்த்தபடி உட்கார்ந்து சாப்பிட்டுவிட்டு வரலாம், யாரும் குடித்தே ஆகணும் என்று சொல்வதில்லை. தரிசனத்துக்கு முந்தைய நாள் வேண்டாம், பிந்தைய நாள் வைத்துக்கொள்ளுங்கள். வீட்டில் சண்டை மிச்சம். 2027ல் நாசிக்கில் சிம்மஸ்த கும்பமேளா வருகிறது. அதை ஒட்டிய மாதங்களில் அறையும் காரும் கிடைப்பது கடினம் என்பதால், அந்த வருஷம் போகிறவர்கள் நீராடல் தேதிகளைப் பார்த்துவிட்டுத் திட்டமிடுங்கள்.

பாட்டிலை ஊருக்குக் கொண்டுவரலாமா?

விமான நிறுவனம் அனுமதிப்பது வேறு, நீங்கள் இறங்கும் மாநிலம் அனுமதிப்பது வேறு. சீல் உடைக்காத பாட்டிலைச் செக்-இன் பையில் வைக்க விமான நிறுவனங்கள் பொதுவாக அனுமதிக்கின்றன, கையில் எடுத்துப் போகும் பையில் கூடாது. ஆனால் தமிழ்நாட்டில் சில்லறை விற்பனை முழுக்க டாஸ்மாக் கையில். வெளிமாநில மதுவை உரிய அனுமதி இல்லாமல் கொண்டுவருவதை மதுவிலக்குச் சட்டத்தின் கீழ் குற்றமாகப் பார்க்கிறார்கள். சாலை வழியாக எல்லைச் சோதனைச் சாவடியில் "ஒரே ஒரு பாட்டில்தான் சார்" என்று விளக்கிக்கொண்டு நிற்பது நல்ல முடிவாக இருக்காது. பிடித்த ஒயினின் பெயரையும் வருஷத்தையும் போனில் படம் எடுத்துக்கொள்ளுங்கள். ஊரில் கிடைத்தால் வாங்கலாம்.

அங்கேயே தங்கிக் குடிக்க வாங்குகிறீர்கள் என்றால், லேபிளில் அறுவடை வருஷத்தைப் பாருங்கள். அன்றாட வெள்ளை ஒயின்கள் வைத்திருந்தால் ஏறுபவை இல்லை, புதுசாக இருப்பதே நல்லது. கார்க் இல்லாமல் திருகு மூடி இருந்தால் மட்டம் என்று நினைக்காதீர்கள், நம்ம ஊர் வெயிலுக்கு அது நல்ல மூடி. வெயிலில் நிற்கும் காரின் டிக்கியில் பாட்டிலை மட்டும் விடாதீர்கள், மூன்று மணி நேரத்தில் நல்ல ஒயினும் கொதித்த ஜூஸ் மாதிரி ஆகிவிடும். டிரைவரிடம் சொல்லி உங்கள் காலடியில், ஏசி படும் இடத்தில் வைத்துக்கொள்ளுங்கள்.